வெடியுப்பு காய்ச்சிய கைகள்



'வெடியுப்பு' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வெடி ஒன்று, உப்பு ஒன்று. வெடித்தவர்களின் வரலாறு ஏடு ஏடாக எழுதப்பட்டுள்ளது. உப்பைக் காய்ச்சியவர்களின் வரலாற்றை எழுதினார் எத்துணைப் பேர்?

வெடிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. 15 பங்கு கரி. 10 பங்கு கந்தகம். இங்கிலாந்தில் அரசனின் ஆட்கள் குடிகளின் தொழுவத்தையும் வீட்டுத் தரையையும் தோண்டி வெடியுப்பு மண் எடுத்தனர். குடிகள் கொதித்தனர். உரியவரின் இசைவின்றித் தோண்டலாகாது என 1656-இல் அங்குச் சட்டம் வந்தது. பிறகு அவர்கள் பெரிதும் நாடியது பீகாரை.

கங்கைச் சமவெளியில் கால்நடைகள் மிகுதி. மழைக்குப் பின் நெடிய வறட்சி. தொழுவத்து மண்ணில் ஊறிய கழிவை நுண்ணுயிரிகள் மாற்ற, நிலத்தின்மேல் வெண்பொடி பூக்கும். அதனைச் சுரண்டியெடுத்தவர் நூனியா மக்கள். 'நூன்' என்றால் அவர்கள் மொழியில் உப்பு. அம்மண்ணைச் சாம்பலோடு தொட்டியிலிட்டு, நீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினர். கொதிக்கும் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 245 கிராம் வெடியுப்புக் கரையும். உறைநிலைக்குக் குளிர்ந்தால் 13 கிராமே நிற்கும். கறியுப்போ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கரையும். ஆகவே நீர் ஆறும்போது வெடியுப்புப் பளிங்காய்ப் படியும்; கறியுப்பு நீரிலேயே தங்கும். கல்லூரி காணாத கைகள் அறிந்திருந்த நுட்பம் இது!

நிகழ்ந்தது யாது? 1757-இல் பிளாசிப் போர். மறு ஆண்டே பீகார் வெடியுப்பு வாணிகத்தின் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் குழுமம் மீர் சாபரிடம் பெற்றுக்கொண்டது. கப்பல்களின் அடிப்பாரமாக வெடியுப்பு கடல் கடந்தது. காய்ச்சியவரோ தரகரின் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தனர். உடன் விளைந்த கறியுப்பால் உப்புவரி குன்றுமென அஞ்சிய ஆங்கில அரசு, 1861-இல் சட்டம் இயற்றி, காய்ச்சுவதற்கே உரிமம் கேட்டது. தன் நாட்டில் குடியின் இசைவைக் காத்தவன், இங்கே மண்ணின் மைந்தனைத் தன் இசைவுக்குக் காத்திருக்க வைத்தான்!

பின்னர்ச் சிலி நாட்டு உப்பு வந்தது. 1913-இல் செருமனியில் காற்றிலிருந்து அம்மோனியா ஆக்கும் ஆலை எழுந்தது. நூனியாக்களின் அடுப்புகள் ஒவ்வொன்றாய் அவிந்தன.

அன்பர்களே! வெடியுப்பு என்று சொல்லும்போது முற்பாதியோடு நின்றுவிடாதீர்கள். பிற்பாதியில் ஒரு மக்களின் உழைப்பும் அறிவும் உறைந்து கிடக்கின்றன.