பெயர் ஒன்று, கோப்பு இரண்டு



மொழிக்காக எழுந்த மேடையில் கணினிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்தது பெயரைப் பற்றி. நாம் கோப்புகளுக்கு இடும் பெயரைப் பற்றி. திரையில் காணும் பெயரும் இயங்குதளம் தன்னுள் வைத்திருக்கும் பெயரும் ஒன்றே என நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையின் வழியாகத்தான் தீங்கு நுழைகிறது.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. ‘ஐ லவ் யூ’ என்பது அதன் தலைப்பு. மணிலாவுக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றே. ஆசிய அலுவலகங்களின் வேலை நேரத்தில் பரவத் தொடங்கிய அது, அன்றைக்கே ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. இணைப்பாக வந்த கோப்பின் முழுப் பெயரில் இரண்டு பின்னொட்டுகள் இருந்தன: முதலில் வெறும் உரையைக் குறிக்கும் ‘டிஎக்ஸ்டி’, அதன்பின் நிரலைக் குறிக்கும் ‘விபிஎஸ்’. தனக்குத் தெரிந்த பின்னொட்டை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பு. ஆகவே பலர் கண்டது ஒரு காதல் கடிதத்தை; திறந்தது ஒரு நிரலை. அது படக் கோப்புகளை அழித்து அவற்றின் இடத்தில் தன்னை எழுதிக்கொண்டது. முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னையே அனுப்பியது. எழுதிய மாணவரைத் தண்டிக்கப் பிலிப்பைன்ஸில் அப்போது சட்டம் இல்லை. அடுத்த மாதந்தான் வந்தது. அந்த மறைப்பு மட்டும் இன்றைய விண்டோஸிலும் மாறாமல் இருக்கிறது. என்னைக் கேட்டால், அழகுக்காகச் செய்த இந்த ஏற்பாட்டைப் போல் தீமை விளைத்தது வேறில்லை.

நம் நாட்டில் ஜாவி எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுகிறோம். அத்தகைய எழுத்துகளுக்காக யூனிகோட்டில் திசையைத் திருப்பும் குறி ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பெயரின் நடுவே செருகினால் பின்வரும் எழுத்துகள் தலைகீழாகத் தோன்றும். நிரலின் பெயர் படத்தின் பெயர்போல் முடியும். டெலிகிராம் செயலியின் விண்டோஸ் பதிப்பில் இவ்வுத்தி கையாளப்பட்டதை 2018இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்டது.

இனி, நம் ஊர்த் தெரு ஒன்றுக்கு வருவோம். பெயர்ப்பலகையில் அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். முதியவர்களுக்கு இன்றும் அது பிட் ஸ்திரீட். ‘பிட் ஸ்திரீட்டுக்குள் யாரையும் விடாதே’ என்று காவலரிடம் சொல்லிவைத்தால், பலகையில் உள்ள பெயரைச் சொல்லி வருபவரை அவர் எப்படித் தடுப்பார்? 1998இல் நடந்தது இதுவே. பழைய டாஸ் முறையில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று என்பது எல்லை. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை அனுமதித்தபோது, பழைய நிரல்களுக்காக ஒரு குறும்பெயரையும் ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் இட்டுவைத்தது. சில வலை வழங்கிகள் நீண்ட பெயருக்கு மட்டும் பூட்டுப் போட்டிருந்தன. குறும்பெயரைச் சொல்லிக் கேட்டவருக்குக் கதவு திறந்தது.

தமிழுக்கு இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ‘மொ’ என்னும் எழுத்தைத் தட்டச்சுப்பொறியில் கொம்பு, மகரம், கால் என மூன்று தட்டலில் அடித்தோம். யூனிகோட்டில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்கு ஓர் எண் உண்டு. கொம்புக்குத் தனி எண்ணும் காலுக்குத் தனி எண்ணும் இட்டும் அதையே எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோட்டின் விதி. ஆனால் லினக்ஸ் பெயரைப் படிப்பதில்லை. எண்களை ஒப்பிடுவதோடு சரி. விண்டோஸும் இவ்விரண்டையும் வேறு பெயர்களாகவே கொள்ளும். பழைய மேக் கணினிகளோ பெயரைப் பிரித்து, கொம்பையும் காலையும் தனித்தனியாகவே சேமித்தன.

இதன் விளைவை நானே கண்டிருக்கிறேன். ஒரு பள்ளியில், ‘மொழி வினாத்தாள்’ என்னும் கோப்பை ஓர் ஆசிரியை பழைய மேக் கணினியில் உருவாக்கி, சுருக்கிப் பொதிந்து பொதுச் சேமிப்பகத்தில் ஏற்றினார். பிழை திருத்திய படியை வேறோர் ஆசிரியர் விண்டோஸில் அதே பெயரைத் தட்டச்சு செய்து சேமித்தார். புதியது பழையதன்மேல் எழுதப்படும் என்பது அவர் எண்ணம். எழுதப்படவில்லை, ஒரே கோப்புறையில் ஒரே பெயரோடு இரண்டு கோப்புகள் நின்றன. அச்சுக்குப் போனது திருத்தாத படி. ஆசிரியர் கவனக்குறைவானவர் என்று பேச்சு எழுந்தது. உண்மையில் அவர்மீது குற்றமே இல்லை. அங்கே தற்செயலாய் நேர்ந்ததை வேறிடத்தில் ஒருவன் வேண்டுமென்றே செய்யலாம். தடை செய்த பெயரை மாற்று எண்களில் எழுதி, சோதிக்கும் நிரலின் கண்ணைக் கடந்துபோகலாம்.

ஔகாரத்தின் கதை இன்னும் கடினம். ‘கௌரவம்’ என்பதன் முதலெழுத்தில் வலப்புறம் நிற்கும் குறியும் ‘ள’ என்னும் மெய்யான எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. ‘கெளரவம்’ என்று தவறாகத் தட்டச்சு செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தமிழ் எண் ‘௧’ ககரத்தைப் போலவே இருக்கிறது. இவற்றை யூனிகோட் சமமாகக் கொள்வதில்லை. ஆகவே இயல்பு வடிவுக்கு மாற்றினாலும் இவை ஒன்றாகா.

அப்படியானால் கோப்புகளுக்கு ஆங்கிலத்திலேயே பெயரிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் உடன்படவில்லை. பிரெஞ்சு மொழியின் குறியிட்ட உயிரெழுத்துகளுக்கும் கொரிய எழுத்துகளுக்கும் இதே பிரிப்புச் சிக்கல் உண்டு. அவர்கள் தம் மொழியைக் கைவிடவில்லை. ஆசிரியர்கள் விண்டோஸில் பின்னொட்டுகள் தெரியும்படி அமைத்துக்கொள்ளுங்கள்; அரை நிமிட வேலை. திருத்திய படிக்கு அதே பெயரை இடாமல், நாளைச் சேர்த்துப் பெயரிடுங்கள். நிரல் எழுதக் கற்கும் மாணவர்களே, இரு பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோட்டின் ஒரே இயல்பு வடிவுக்கு மாற்றுங்கள். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். மாற்றாமல் ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதை ‘மொழி’ என்னும் சொல்லை இரு வகையாய் எழுதி இன்றிரவே சோதித்துப் பாருங்கள்.