வாப்பாவின் காருக்கு வர்ணம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் தாம் எழுதியவற்றைப் பற்றிப் பேசினார்கள். எழுதியதை அழிப்பது பற்றிப் பேசுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள. கவிதை என்ற பெயரில் நான் எழுதி அழித்தவை ஏராளம். அதனால் எவருக்கும் நட்டமில்லை. ஆகவே அழிக்க முடியாமற்போன ஓர் எழுத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு முன்பு, ஒரு பழைய காருக்கு வீட்டு முற்றத்தில் வைத்து ரோலரால் பெயின்ட் அடித்த கதையை நீங்கள் கேட்கவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பாவின் கார் ஒரு மொரிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான வண்டி. அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் பிறந்தது இஸ்மீர் நகரில். பிற்காலத்தில் மினி காரையும் அவரே வடிவமைத்தார். எழுபதுகளில் வாகன இறக்குமதி அருகிப்போயிருந்த காலத்தில், மட்டக்களப்பில் ஒருவரிடமிருந்து வாப்பா அதை இரண்டாங் கையாக வாங்கினார். கல்முனையில் மீலாத் கவியரங்கு என்றால் மருதமுனையிலிருந்து கவிஞர்கள் அதில்தான் வருவார்கள். நால்வர் இருக்கவேண்டிய வண்டியில் ஏழு பேர். மேடையில் ஒருவரையொருவர் வெட்டிப் பேசியவர்கள் திரும்பும்போது ஒருவர் மடியில் ஒருவர் இருந்து போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதன் இலக்கத் தகட்டில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து தகடுகளுக்கு வருமுன்னரே பதியப்பட்ட வண்டி அது. அந்த ஓர் எழுத்துக்காக இந்த நாட்டில் தார் வாளியும் தூரிகையுமாக ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். இங்கே சிங்கள எழுத்தின் மேல் தார். அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார். வாகனத்தில் தூரிகை வைப்பது எப்போதும் அழகுக்காக மட்டும் நடந்த காரியமல்ல. அது வேறு கதை. அதற்குள் போனால் என் கார் முற்றத்திலேயே நிற்கும்.

2023ஆம் ஆண்டு அந்தக் காரின் கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரையும் திறக்கப்படவில்லை. இடையில் 2022இன் நெருக்கடி, பெற்றோல் வரிசை. பழைய வண்டிக்கெல்லாம் புதுப் பவுசு வந்துவிட்டது. “அத ஒருக்காப் பெயின்ட் அடிச்சி வெய் மனே” என்றார் வாப்பா. வயது எண்பத்தேழு. இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி, கார் இருப்பதைக் கையால் தடவித்தான் அறிவார்.

கராஜுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பாஸ் வண்டியைச் சுற்றிவந்து, இடப்பக்கப் பின்கதவில் நின்றுவிட்டார். “சேர், இந்தக் கதவ அப்பிடியே வெறுந்தகரத்துக்குக் கொண்டு வரணும். புட்டி போட்டு நெரவி உரஞ்சித்தான் ஸ்பிரே பண்ணலாம். இல்லாட்டி இந்தக் கீறல் காட்டிக் குடுக்கும்” என்றார். கேட்ட காசும் என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. காசு எட்டவில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன்.

அந்தக் கதவில் இருப்பது கீறல் அல்ல. ‘அ’ என்ற எழுத்து. என் தங்கையின் மகள், ஆறு வயது, பள்ளியில் சேர்ந்த வருடம் ஓர் ஆணியால் எழுதியது. சுழி மறுபக்கம் திரும்பியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால்தான் சரியான அகரம். அன்று வாப்பா போட்ட சத்தம் தெரு முனைவரை கேட்டது. அது 2004ஆம் ஆண்டு. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் போனார்கள். எங்கள் வீட்டில் ஒன்று. கார் இரண்டு வளவு தாண்டி ஒரு மதிலோடு சாய்ந்து கிடந்தது.

மறு வருடம் வாப்பா தூரிகை எடுத்துக் காரெங்கும் தானே ஒரு பச்சைப் பூச்சுப் பூசினார். அந்த எழுத்தைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலம் மட்டும் பூசவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

இனி ரோலர் விசயத்துக்கு வருகிறேன். சுவருக்கு அடிக்கும் ரோலரால் காருக்கு அடிப்பதா என்று சிரித்தவர்கள் பலர். ஸ்பிரே வந்ததே 1920களில்தான். அதற்கு முன் கார்களுக்கெல்லாம் தூரிகையால் வார்னிஷ் பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்வதற்கு நாட்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு வண்டி முடிய வாரங்கள் செல்லும். வேகமாகக் காயும் புதுச் சாயம் வந்து அதைப் பீச்சி அடிக்கத் தொடங்கிய பின்னரே அந்தத் தூரிகைக்காரர்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மேல்நாடுகளில் சிறு படகுகளுக்கு இன்றும் இருவர் சேர்ந்து அடிக்கிறார்கள்: ஒருவர் ரோலரை உருட்டிப்போக, மற்றவர் பின்னாலேயே காய்ந்த தூரிகை நுனியால் குமிழிகளை இழுத்துவிடுவார்.

பாடுபட வேண்டியது பெயின்ட்டில் அல்ல, அதற்கு முந்திய வேலையில். கடல் குடித்த வண்டி அது. தகரங்கள் மடிந்து சேரும் இடுக்குகளில் உப்பு இருக்கும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். மேலே எதைப் பூசினாலும் அடியில் துரு வேலை செய்யும். நல்ல தண்ணீரால் மூன்று நாள் கழுவினேன். பிறகு சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து உரஞ்சல். வாப்பாவின் பச்சை போனதும் ஒரு வெள்ளை. வெள்ளைக்குக் கீழே ஒரு நீலம். கடைசியாக, பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அந்தச் சாம்பல் நிறம். சாம்பலே அடிப்பதென்று அன்றைக்கே முடிவெடுத்தேன். வேறு நிறமானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் மாற்றவேண்டும். அந்த அலைச்சலும் மிச்சம்.

எனமலைத் தண்ணீர்ப் பாலைப்போல மெல்லியதாகக் கரைத்துக்கொள்ளவேண்டும். நான்கு அங்குலப் பஞ்சு ரோலர். அழுத்தக் கூடாது, அழுத்தினால் நுரைக்கும். ஒரு பகுதியின் விளிம்பு காயுமுன் அடுத்ததைத் தொட்டுவிடவேண்டும், இல்லாவிட்டால் கோடு விழும். முதற் பூச்சைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். கீழ்நிறம் அப்படியே தெரியும். அதைப் பார்த்துப் பயந்து தடிப்பாக அடித்தவர்களின் வண்டிதான் தோடம்பழத் தோலாகிப் போகிறது. காயவிட்டு, உரஞ்சி, மறுகாப் பூசி, மறுகா உரஞ்சி, ஆறு பூச்சு. நம் கச்சான் காற்று அதற்குப் பெரும் எதிரி. பத்து மணிக்குப் பின் புழுதியோடு அடித்து, உருட்ட உருட்டவே விளிம்பைக் காயவைத்துவிடும். சுபஹுக்குப் பின் உடனேயும் முடியாது, தகரத்தில் ஈரம் இருக்கும். வெயில் ஏறி, கச்சான் ஏறாத அந்த இரண்டு மணித்தியாலம்தான் கணக்கு. என் மனைவி வீட்டிலிருந்து சைக்கிளில் ஒவ்வொரு காலையும் தங்கை வீட்டுக்குப் போய்வந்தேன். நம்மூர் வழமைப்படி உம்மாவின் வீடு அவளுக்கு; வாப்பாவும் காரும் அங்கேதான்.

பின்கதவைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். அப்படியே விட்டுவிடுவது என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் வாப்பா பூசாமல் விட்ட அந்த இடத்தில்தான் துரு கூடுதல். எழுத்தின் கோடுகளுக்குள் சிவந்து, ஓரங்கள் உப்பத் தொடங்கியிருந்தன. பத்தொன்பது வருடம் தொடாமல் காத்த எழுத்தை, தொடாமல் விட்டதே தின்றுகொண்டிருந்தது. புட்டி போட்டால் எழுத்து போய்விடும். வெறுமனே ரோலரை உருட்டினால் மேட்டில் மட்டும் பெயின்ட் படும், பள்ளத்துக்குள் இறங்காது, துரு உள்ளேயே இருக்கும். அந்தக் கதவின் முன் இரண்டு காலை வேலை செய்யாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு தையல் ஊசி எடுத்தேன். கோட்டுக்குள் இருந்த துருவைக் கிளறிக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த தங்கை நின்றுவிட்டாள். நான் திரும்பவில்லை. அவள் உள்ளே போய் டோர்ச் லைட்டோடு வந்தாள்.

“காக்கா, நேர புடிச்சாத் தெரியா. இப்பிடிச் சரிச்சிப் புடிச்சாத்தான் உள்ளுக்குத் தெரியும்” என்றாள்.

எத்தனை இரவு அதைச் சரித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறாளோ, நான் கேட்கவில்லை. அவள் வெளிச்சம் பிடிக்க, பிள்ளைகள் படம் கீறும் தூரிகையால் கோட்டுக்குள் மட்டும் ரெட் ஒக்சைட் வைத்தேன். சுழி வரும் இடத்தில் என் கை நடுங்கியது. அவள் தூரிகையை வாங்கித் தானே முடித்தாள். மறுபக்கம் திரும்பிய சுழியை அப்படியே, திருத்தாமல். காய்ந்த பிறகு மற்றக் கதவுகளைப் போலவே மெல்லிய பூச்சுகள், புட்டியில்லாமல்.

இப்போது நேரே நின்று பார்ப்பவருக்கு அது சாம்பல் நிறக் கதவு. அஸருக்குப் பின் வெயில் சாயும்போது பக்கவாட்டில் வந்தால் தெரியும். முடிந்த அன்று வாப்பாவைக் கூட்டிவந்தோம். போனற்றிலிருந்து தடவிக்கொண்டே வந்தார். “தூசு பட்டிரிக்கி” என்று ஓர் இடத்தில் குறை சொன்னார், உண்மைதான். பின்கதவுக்கு வந்ததும் கை நின்றது. விரல் மெல்ல அந்தக் கோட்டின்மேல் போய், சுழியில் வந்து திரும்பியது. ஒன்றும் சொல்லவில்லை. லுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே நின்றார்.

அரை லீற்றர் எனமல் மிஞ்சியது. அதைத் தங்கை வாங்கிப் படலைக்கு அடித்தாள். என்னைவிட நன்றாகவே உருட்டினாள். ரோலரைக் கழுவி வைக்க மட்டும் மறந்துவிட்டாள். அது இப்போதும் கிணற்றடியில் கட்டையாகிக் கிடக்கிறது.