மேடையில் யார், காட்டில் யார்?

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



மதங்களுக்கிடையே உள்ள உறவு இன்று பல்கலைக்கழகங்களில் ஒரு பாடம். பாதிரியார், மௌல்வி, சாஸ்திரி மூவரையும் ஒரே மேடையில் அமர்த்தி, எல்லா வேதங்களும் அன்பையே சொல்கின்றன என்று பேசவைத்துக் குறிப்பெடுக்கிறார்கள். நல்லதுதான், வெட்டுக் குத்தைவிடப் பேச்சு மேல். ஆனால் மாதர் இயக்கம் ஒன்று கேட்கிறது: ஒரு மதத்தார் எல்லாருக்காகவும் பேச இவர்களை நியமித்தது யார்?

நம் பெரம்பலூர் மாவட்டத்து வி.களத்தூரையே எடுத்துக்கொள்வோம். கோயில் ஊர்வலம் எந்தத் தெரு வழியே போவது என்ற தகராறு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு மதத்தார் அதிகம் வாழும் தெரு என்பதற்காக இன்னொரு மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று 2021-இல் தீர்ப்பாயிற்று. பொதுத் தெரு எல்லாருக்கும் பொது. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இத்தகைய தகராறுகளில் கூடும் அமைதிக் கூட்டங்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் பக்கம் வேட்டி, அந்தப் பக்கம் கைலி. புடவையைக் காண்பது அரிது. ஊர் பதற்றமானால் கடை அடைப்பு, வேலை நிறுத்தம். பருத்திக் காட்டிலும் சின்ன வெங்காயக் காட்டிலும் களை எடுக்கிறவளுக்கு அன்று கூலி போச்சு. அவளை அதிகாரியும் கேட்பதில்லை, ஆராய்ச்சிக்காரரும் கேட்பதில்லை.

பக்கத்துப் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் அவரோடு சேர்ந்த பெண்களும் இதைத்தான் எழுப்பினார்கள். தலாக், வரதட்சணை வழக்குகளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜமாத் விசாரித்தது. வழக்குக்குரிய பெண்ணுக்கே அங்கு இடமில்லை. அவர்கள் பெண்கள் ஜமாத் ஒன்றையே கூட்டினார்கள். தீபா தன்ராஜ் 2011-இல் இதை ஆவணப்படமாக எடுத்தார்.

இது முஸ்லிம்களின் கோளாறு என்று மற்றவர்கள் மார்தட்ட வேண்டாம்! திருவிதாங்கூர்ச் சிரியன் கிறிஸ்தவ மகளுக்கு, உயில் இல்லாவிட்டால், மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்காடி 1986-இல் உச்சநீதிமன்றத்தில் வென்றார். நம் மாநிலத்து இந்து மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை வந்தது 1989-இல். அதற்குமுன் மணமானவளை அந்தச் சட்டம் ஒதுக்கிற்று. வேதம் வேறு வேறு. பாகம் பிரிக்கும்போது மட்டும் என்ன ஒற்றுமை!

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1985-இல் ஷா பானுவுக்கு ஜீவனாம்சம் உண்டு என்று உச்சநீதிமன்றம் சொன்னது. ஒரு கூட்டம் மதத்துக்கு ஆபத்து என்றது. இன்னொரு கூட்டம் அதையே வைத்து முஸ்லிம்களை ஏசிற்று. 1986-இல் புதுச் சட்டமும் வந்தது. அந்த முதியவளின் சோறு இரைச்சலில் மறைந்தது. பெண்ணுக்காகப் பேசுகிறேன் என்கிறவனையும் உற்றுப் பார்க்க வேண்டும். பண்ணையார் வீட்டு அம்மாளும் பெண்தான். கூலி கேட்கும் நாளில் அவர் எந்தப் பக்கம் நிற்பார் என்பது நமக்குத் தெரியாததா?

வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவிடம் இந்துப் பெண்களும் வந்து நேர்ந்துகொள்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் வேதம் பார்ப்பதில்லை. இதை எந்த மேடையில் கேட்க முடியும்? ஆராய வரும் மாணவர்களே, களை எடுப்பு நின்று பெண்கள் கஞ்சிக்கு உட்காரும் வேளையில் வாருங்கள். பேச அவர்களுக்கு அரை மணி கிடைக்கும்.