பிராந்திய நீதிமன்றங்களும் மனித உரிமைகளும்

(அரசு அலுவலர்களும் முதுநிலை மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கருத்துகள் உரையாளருடைய சொந்தக் கருத்துகள்.)



மனித உரிமைகளைப் பற்றிச் சட்டம் பயின்றவர்களே பேச வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நான் பொருளாதாரம் பயின்றவன். எனினும் இப்பொருளில் பேச இசைந்ததற்குக் காரணம் உண்டு. ஓர் உரிமை அறிவிக்கப்படுவதற்கும் அது குடிமகனின் கைக்கு வந்து சேர்வதற்கும் இடையே நிதி ஒதுக்கீடு, நில அளவை, கோப்பு, காலக்கெடு ஆகிய யாவும் இருக்கின்றன. இவை பெரிதும் நம்முடைய துறையைச் சேர்ந்தவை. பல நாடுகள் கூடி அமைத்துக்கொண்ட பிராந்திய மனித உரிமை நீதிமன்றங்களின் வரலாற்றை இக்கண்ணோட்டத்துடன் ஆராய்வதே இன்று என் நோக்கம்.

1948 டிசம்பர் 10-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதனைச் சட்டப் பிணைப்புடைய உடன்படிக்கைகளாக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின. குடியுரிமை, அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையும், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய உடன்படிக்கையும் 1966-இல் ஏற்கப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தன. இந்தியா 1979-இல் இரண்டிலும் சேர்ந்தது. ஆனால் இவற்றின் கீழ் அமைந்தவை குழுக்களே. அரசைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கும் நீதிமன்றம் அமையவில்லை. உலக அளவில் இயலாத இதனை மூன்று கண்டங்களின் நாடுகள் தத்தம் வட்டத்திற்குள் செய்து பார்த்தன.

ஐரோப்பா முதலில் தொடங்கியது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை 1950 நவம்பர் 4-இல் ரோம் நகரில் கையெழுத்தாகி 1953-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1959-இல் நீதிமன்றம் நிறுவப்பட்டது. இன்று பிற நாடுகளுக்கு அறிவுரை கூறும் அரசுகள் அன்று இதில் காட்டிய தயக்கத்தை நாம் மறக்க வேண்டியதில்லை. தனிமனிதர் தம் அரசுக்கு எதிராக முறையிடும் உரிமையைப் பிரிட்டன் 1966-இல்தான் ஏற்றது. பிரான்ஸ் உடன்படிக்கையை உறுதி செய்ததே 1974-இல்தான். தனிமனிதர் முறையீட்டை அது ஏற்றது 1981-இல். குடியேற்ற நாடுகளை வைத்திருந்தவர்கள், வாசலைத் திறந்துவிட்டால் யார் யார் உள்ளே வருவார்கள் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள் போலும். 1998 நவம்பர் முதல் தான் இத்தயக்கத்திற்கு இடமில்லாமல் போயிற்று. அதுவரை முறையீடுகளை வடிகட்டிவந்த ஆணையம் நீக்கப்பட்டு, எவரும் நேரே நீதிமன்றத்தை அணுகலாம் என்றாயிற்று.

இந்நீதிமன்றத்தின் தீர்ப்புகளுள் ஒன்றைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். அது 1979 அக்டோபர் 9-இல் அயர்லாந்துக்கு எதிராக வழங்கப்பட்ட ஏய்ரி வழக்குத் தீர்ப்பு.

கார்க் நகரைச் சேர்ந்த ஒரு பெண்மணி. எளிய குடும்பம், நான்கு குழந்தைகள். கணவர் குடிப்பழக்கம் உள்ளவர். மனைவியைத் தாக்கியதற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர். அக்காலத்தில் அயர்லாந்தில் மணவிலக்குக்கு இடமில்லை. நீதிமன்ற ஆணையின் மூலம் பிரிந்து வாழ மட்டுமே வழியிருந்தது. அதற்கும் உயர் நீதிமன்றத்தையே நாட வேண்டும். 1972 முதல் அவர் முயன்றும், வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லை. இத்தகைய வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவியும் இல்லை. எதிர்ப்பில்லாத வழக்குக்கு 500 முதல் 700 பவுன் வரை, எதிர்ப்புள்ள வழக்குக்கு 800 முதல் 1,200 பவுன் வரை செலவாகும் என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு. 1978 டிசம்பரில் அவருடைய நிகர வாரக் கூலி ஏறக்குறைய 40 பவுன். அதாவது எதிர்ப்புள்ள வழக்கு ஒன்றுக்கு 20 முதல் 30 வாரக் கூலியை உண்ணாமல் உடுக்காமல் சேர்த்துவைக்க வேண்டும்.

அயர்லாந்து அரசு கூறிய விடை அலுவலர்களாகிய நமக்குப் பழக்கமானதே. உயர் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது; அவர் தாமே நேரில் வாதாடலாம்; எந்த விதியும் அவரைத் தடுக்கவில்லை என்றது அரசு. நீதிமன்றம் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துக் காட்டியது. 1972 ஜனவரி முதல் 1978 டிசம்பர் வரை அந்நாட்டில் தொடரப்பட்ட இவ்வகை வழக்குகள் 255. அவற்றுள் வழக்கறிஞர் இல்லாமல் வந்தவர் ஒருவர்கூட இல்லை. விதி தடுக்கவில்லை என்பது உண்மை. ஏழு ஆண்டுகளில் ஒருவராலும் அவ்விதியைப் பயன்படுத்த முடியவில்லை என்பதும் உண்மை. ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது ஒதுக்கீட்டை விட்டுப் பயனாளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள் என்று நாம் சொல்வதுண்டு அல்லவா? நீதிபதிகள் செய்ததும் அதுவே.

அரசின் இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. உடன்படிக்கை காப்பது குடியுரிமைகளையும் அரசியல் உரிமைகளையும் மட்டுமே. பணம் செலவாகும் பொருளாதார உரிமைகளை அதற்குள் கொண்டுவரலாகாது என்பது அவ்வாதம். இரு வகை உரிமைகளையும் நீர் புகாத சுவர் எதுவும் பிரிக்கவில்லை என்பது நீதிமன்றத்தின் முடிவு. ஆயினும் எல்லா வழக்குக்கும் இலவச வழக்கறிஞரைக் கொடுங்கள் என்று அது கட்டளையிடவில்லை. நடைமுறையை எளிதாக்கலாம், சட்ட உதவி தரலாம், வழியைத் தேர்வது அரசின் பொறுப்பு, ஆனால் வாசல் உண்மையாகவே திறந்திருக்க வேண்டும் என்றது. அயர்லாந்து சட்ட உதவித் திட்டம் ஒன்றை வகுத்தது. அதற்கு முழுமையான சட்ட அடிப்படை 1995-இல் கிடைத்தது. அப்பெண்மணிக்காக வாதாடிய மேரி ராபின்சன் 1990-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே 1979-ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. பீகார் சிறைகளில், குற்றம் நிரூபிக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் கடந்து விசாரணைக் கைதிகள் அடைபட்டிருந்தனர். தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே.எஃப். ருஸ்தம்ஜி செய்தித்தாளில் எழுதிய கட்டுரைகளே அவ்வழக்குக்கு அடிப்படை. ஏழைக்கு இலவச சட்ட உதவி வழங்குவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கியதென நீதிபதி பகவதி எழுதினார். இங்கும் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஸ்ட்ராஸ்பர்க்காயினும் புது டெல்லியாயினும், நீதிபதியின் பேனாவிலிருந்து அலுவலகத்தின் மேசை வரையுள்ள தொலைவைக் கடக்க ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இத்தொலைவைக் கண்காணிக்க ஐரோப்பா ஓர் ஏற்பாட்டைச் செய்துள்ளது. தீர்ப்பு வந்ததும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. உறுப்பு நாடுகளின் அமைச்சர் குழு அதனைத் தன் பட்டியலில் ஏற்றி, இழப்பீடு கட்டப்பட்டதா, குறைபாடுடைய சட்டமோ நடைமுறையோ திருத்தப்பட்டதா என்று நிறைவேறும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய முறையின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து. இதற்கும் எல்லை உண்டு. 2022 மார்ச்சில் ரஷ்யா ஐரோப்பியக் கழகத்திலிருந்து நீக்கப்பட்டது. செப்டம்பர் 16 முதல் அந்நாடு உடன்படிக்கையிலும் இல்லை. அதன் பிறகு நிகழும் அத்துமீறல்களுக்கு அந்நாட்டு மக்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் முறையிட வழியில்லை.

அமெரிக்கக் கண்டத்தின் அனுபவம் வேறு வகைப்பட்டது. அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கை 1969-இல் உருவாகி 1978-இல் நடைமுறைக்கு வந்தது. கோஸ்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயில் 1979-இல் நீதிமன்றம் அமைந்தது. அமெரிக்க ஐக்கிய நாடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதோடு சரி. இன்றுவரை உறுதி செய்யவில்லை. ஆகவே நீதிமன்றத்தின் முன் வந்தவை பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க நாடுகளே. அவற்றுள் பல அன்று இராணுவத்தின் பிடியில் இருந்தன. ஆட்களைக் காணாமற்போகச் செய்வது அங்கே ஆட்சி முறையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஹோண்டுராஸ் நாட்டில் 1981 செப்டம்பரில் ஒரு மாணவர் பிடித்துச் செல்லப்பட்டார்; பின்னர் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. உடல் இல்லை, ஆவணம் இல்லை, ஒப்புக்கொள்வாரும் இல்லை. சாட்சியத்தை அழிப்பதே நோக்கமாகக் கொண்ட குற்றத்தில் சாட்சியம் இல்லை என்று அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்பதே 1988-இல் வந்த வெலாஸ்கெஸ் ரொட்ரிகெஸ் தீர்ப்பின் சாரம். தடுப்பதும், விசாரிப்பதும், தண்டிப்பதும் அரசின் கடமைகள் என்று அது வகுத்தது. 1989-இல் குடும்பத்தாருக்கு 7,50,000 லெம்பிரா இழப்பீடு வழங்குமாறும், 90 நாட்களுக்குள் ஒரே தொகையாகவோ ஆறு மாதத் தவணைகளாகவோ கட்டுமாறும் ஆணையிட்டது. பணம் செலுத்தி முடிந்த பின்னரே கோப்பு மூடப்படும் என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தது.

அரசு தாமதித்தது. அதற்குள் லெம்பிராவின் மதிப்பு சரிந்தது. கட்ட வேண்டிய எண் மாறவில்லை. அந்த எண்ணால் வாங்கக்கூடிய அரிசியும் துணியும் குறைந்துவிட்டன. 1990-இல் நீதிமன்றம் மீண்டும் கூடி, தாமதத்தால் நாணயம் இழந்த மதிப்பையும் அரசே ஈடுசெய்ய வேண்டும் என்று கூறியது. பெயரளவு மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் வகுப்பில் படித்தோம். ஒரு விதவைக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அது என்ன பொருள் தரும் என்பதை இத்தீர்ப்பைப் படித்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

நில உரிமை பற்றிய வழக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். நிகராகுவாவின் அட்லாண்டிக் கரைப் பகுதியில் அவாஸ் திங்னி என்னும் பழங்குடிச் சமூகம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த காட்டில், சுமார் 62,000 ஹெக்டேரில் மரம் வெட்டும் உரிமையை 1996-இல் அரசு ஒரு கொரிய நிறுவனத்திற்குக் கொடுத்தது. பட்டா இல்லாததால் அது அரசு நிலம் என்பது அரசின் நிலை. உடன்படிக்கை காக்கும் சொத்துரிமையில் சமூகத்தின் பொது உடைமையும் அடங்கும் என்று 2001-இல் நீதிமன்றம் தீர்த்து, 15 மாதங்களுக்குள் எல்லை அளந்து உரிமைப் பத்திரம் வழங்க ஆணையிட்டது. பத்திரம் கைக்கு வந்தது 2008 டிசம்பரில். பரப்பு ஏறக்குறைய 73,000 ஹெக்டேர். 15 மாதம் ஏழு ஆண்டுகளாயிற்று. இதற்குள் வெளியார் பலர் அங்கே குடியேறிவிட்டனர். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் மாவட்டங்களில் பணியாற்றியோருக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. சமூக வன உரிமைக்கான கோப்பு எந்த மேசையில் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆப்பிரிக்கச் சாசனம் 1981-இல் நைரோபியில் ஏற்கப்பட்டு 1986-இல் நடைமுறைக்கு வந்தது. வளர்ச்சி பற்றி எழுதுவோரும் படிப்போரும் அதனைத் தவறாது படிக்க வேண்டும். வேலை, உடல்நலம், கல்வி ஆகியவற்றையும் வாக்குரிமையையும் ஒரே ஏட்டில் ஒரே தரத்தில் வைத்த சாசனம் அது. வளர்ச்சி பெறுவதே மக்களின் உரிமை என்றும் அறிவித்தது. ஆனால் அருஷாவில் அமைந்த நீதிமன்றத்தைத் தனிமனிதர் நேரே அணுக, அந்தந்த அரசு தனியாக ஓர் அறிவிப்பைச் செய்ய வேண்டும். மிகச் சில அரசுகளே செய்தன. செய்தவற்றுள்ளும் ருவாண்டா 2016-இலும், நீதிமன்றத்திற்கு இடமளித்த தான்சானியா 2019-இலும், பெனினும் ஐவரி கோஸ்டும் 2020-இலும் திரும்பப் பெற்றன. தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்தின் தீர்ப்பாயத்திற்கு நேர்ந்தது இன்னும் மோசம். ஜிம்பாப்வேயில் இழப்பீடின்றிப் பண்ணை நிலங்களை எடுத்தது தவறென 2008-இல் அது தீர்ப்பளித்தது. அந்நிலப் பங்கீடே குடியேற்ற ஆட்சியின் அநீதி என்பது உண்மைதான். ஆனால் தீர்ப்பு பிடிக்காத அரசுகள் 2010-இல் தீர்ப்பாயத்தையே முடக்கி, 2012-இல் தனிமனிதர் அதனை அணுக முடியாதபடி செய்தன. அதே 2008-இல் மேற்கு ஆப்பிரிக்கச் சமூக நீதிமன்றம், அடிமையாக விற்கப்பட்ட ஒரு பெண்ணைக் காக்கத் தவறிய நைஜர் அரசு அவருக்கு 1 கோடி பிராங்க் இழப்பீடு தர வேண்டும் என்றது. அங்கு முறையிட உள்நாட்டு நீதிமன்றங்களின் படிகளை எல்லாம் ஏறி முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஒகியெக் மக்களுக்கு அருஷா நீதிமன்றம் 2017-இல் உரிமையையும், 2022-இல் சுமார் 15 கோடியே 78 இலட்சம் ஷில்லிங் இழப்பீட்டையும் வழங்கியது. 2023 நவம்பரில் அக்காட்டில் மீண்டும் வீடுகள் இடிக்கப்பட்டன.

ஆசியாவின் நிலை என்ன என்று கேட்பீர்கள். கண்டம் முழுவதற்குமான உடன்படிக்கையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. தென்கிழக்கு ஆசிய நாடுகள் 2009-இல் அமைத்த ஆணையத்திற்குத் தனிமனிதர் முறையீட்டின் மேல் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. சார்க் நாடுகள் 2002-இல் பெண்களையும் குழந்தைகளையும் கடத்துவதைத் தடுக்கவும், குழந்தைகள் நலனுக்காகவும் இரு உடன்படிக்கைகளையும், 2004-இல் ஒரு சமூக சாசனத்தையும் ஏற்றன. ஆயினும் இருதரப்புச் சிக்கல்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் விவாதத்திலிருந்து விலக்கிவைப்பது 1985-ஆம் ஆண்டின் அதன் மூலச் சாசனம். 2014-இல் காத்மாண்டுவில் நடந்த உச்சி மாநாட்டுக்குப் பின் வேறு உச்சி மாநாடு நடக்கவே இல்லை. ஓர் அரசை அண்டை நாடுகள் கேள்வி கேட்பதை அவ்வரசு பொறுத்துக்கொள்வதே பிராந்திய நீதிமன்றத்தின் அடித்தளம். தெற்கு ஆசியாவில் அந்த அடித்தளம் அண்மையில் அமையும் என்று நான் கருதவில்லை.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வாசலைப் பொறுத்தவரை அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு பல பிராந்திய முறைகளைக் காட்டிலும் அகலமானது. காவலில் இறந்த மகனுக்காக ஒரிசாவைச் சேர்ந்த ஒரு தாய் எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, நீலாவதி பெஹரா வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதே ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணையமும் அமைந்தது. ஆனால் ஆணையம் பரிந்துரைக்கலாம், கட்டளையிட முடியாது. பரிந்துரையின் மேல் எடுத்த அல்லது எடுக்க எண்ணியுள்ள நடவடிக்கையை அரசு ஒரு மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 18-ஆம் பிரிவு. தெரிவித்த பிறகு அது நிறைவேறியதா என்று தொடர்ந்து கேட்கும் ஐரோப்பிய அமைச்சர் குழு போன்ற அமைப்பு நம்மிடம் இல்லை.

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒவ்வொரு துறைத் தலைமையகத்திலும் ஒரு பதிவேடு போதும். நீதிமன்றமோ ஆணையமோ உரிமை மீறல் எனக் கண்ட ஒவ்வொன்றுக்கும் ஆணை வந்த நாள், தொகை, கட்டிய நாள், தாமதத்திற்கான வட்டி ஆகியவற்றைப் பதிய வேண்டும். காலாண்டுதோறும் அது செயலாளரின் மேசைக்கும், ஆண்டுக்கொருமுறை சட்டமன்றத்தின் முன்பும் செல்ல வேண்டும். பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்வேன்: அதே அலுவலகத்தின் மேல் அதே வகை முறையீடு முன்பு வந்ததுண்டா? உண்டெனில், அதன் பிறகு அங்கே எந்த விதி மாற்றப்பட்டது?