நெஞ்சுக்குழி வலி வாயுதானா?

நெஞ்சுக்குழியில் மந்தமாக வலித்தால், "வாயுதான்" என்று சோடா வாங்கிக் குடிக்கிறோம். பல நேரம் அது நெஞ்செரிச்சலாகவோ இரைப்பைப் புண்ணாகவோதான் இருக்கும். பிரியாணி சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டைக்கு ஏறினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். முதுகு வரை ஊடுருவினால் கணையத்தையும் பார்க்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை இதயம்தான். அதன் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் வலி மேல்வயிற்றில் தெரியலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வலியும் மங்கலாகவே இருக்கக்கூடும். கூடவே வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், தாடையோ கையோ வலித்தால், தயவுசெய்து சோடாவைத் தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வலி தானே அடங்கிவிட்டாலும் அன்றே ஈசிஜி எடுத்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.