வெள்ளம் வருமுன் வழி தெரிய வேண்டும்

(ரெம்பாவ் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று உயிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உயிர் இருந்தால்தானே சம்பளம்!

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டு மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று உதவிக்குக் காத்துக் கிடந்தார்கள். நமது நெகிரி செம்பிலானும் தப்பவில்லை. நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் மாண்டார்கள். பட்டணத்துக்கே அந்தக் கதியென்றால், ஒற்றைச் செம்மண் சாலையை நம்பியிருக்கும் லயத்துக்கு என்ன கதி?

ஆகவே, வெயில் காயும் இன்றே மூன்று காரியங்களை முடிவு செய்யுங்கள்.

முதலாவது, எங்கே போவது? அரசாங்கம் திறக்கும் துயர்துடைப்பு மையம் பெரும்பாலும் பள்ளிக்கூடமாகவோ பொது மண்டபமாகவோ இருக்கும். நமக்குரியது எது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். அங்கே போகும் வழியில் ஓடைப்பாலம் உண்டா? முதலில் முழுகுவது அதுதான். மாற்றுவழி வேண்டும். இரண்டும் அடைபட்டால், தோட்டத்துக்குள்ளேயே மேட்டில் உள்ள கட்டடம் எது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

இரண்டாவது, எப்போது கிளம்புவது? நீர்ப்பாசன வடிகால் இலாகா ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் அறிவிக்கிறது. எச்சரிக்கை நிலை வந்ததும் முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் கிளம்பட்டும். அபாய நிலைக்குள் லயமே காலியாக வேண்டும். வாசற்படி நனையட்டும் என்று காத்திருப்பவன் இருட்டில்தான் நடப்பான். ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழமிருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரையே மிதக்க வைக்கும். அதில் இறங்காதீர்கள்.

மூன்றாவது, யார் யாரைக் கூட்டிப் போவது? லயத்துக்கு இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் பட்டியல் அவர்கள் கையில் இருக்கட்டும். வங்காளதேசத் தோழரையும் இந்தோனேசியத் தோழரையும் விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு இந்த மண்ணின் மேடுபள்ளம் தெரியாது.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தயாராக வையுங்கள். கிளம்பும்போது மின்சார மெயின் சுவிட்சை அடைத்துவிடுங்கள். தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் கிட்டே போகாதீர்கள். ஆபத்தென்றால் 999க்கு அழையுங்கள். வெள்ளம் வடிந்தபின் காய்ச்சல் கண்டால், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

தோழர்களே! இவையெல்லாம் நம் கடமை. நிர்வாகத்துக்கும் கடமை உண்டு. திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை நேரத்தில் நேரக்கூடிய அவசர நிலைகளுக்கு முதலாளி நடைமுறை வகுத்திருக்க வேண்டும் என்கிறது அது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆற்றங்கரை நிரையில் தண்ணீர் ஏறும்போது வாளியைவிட ஆள் பெரிது!

உங்கள் தோட்டத்தில் அந்த நடைமுறை எழுத்தில் உண்டா? தமிழில் உண்டா? பெரட்டுக் களத்தில் ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு மேனேஜரிடம் கொடுங்கள். பருவமழை நமக்குத் தவணை கொடுக்காது.