இரைப்பும் இரத்த அணுக்களும்

பிழைப்பின் பொருட்டு மாநிலம் கடந்து வாழும் நமக்கு, ஊரிலிருந்து வரும் செய்திகளுள் கவலை தருவது ஒன்றுண்டு: 'அம்மாவுக்கு மறுபடியும் இரைப்பு.' சித்தூர், திருப்பதி வட்டாரத்து வெதுருகுப்பமாயினும், தமிழ்நாட்டுச் சிற்றூராயினும், ஊதுகுழலும் கையுமாக விறகடுப்பின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்த தாய்மாருக்கு இத்துன்பம் புதிதன்று. ஆனால் இரைப்பெல்லாம் ஒரே நோயன்று.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் விட்டுவிட்டுச் சுருங்கும். மருந்தால் பெரிதும் விரியும். அடுப்புப் புகையாலும் புகைபிடித்தலாலும் விளையும் நாட்பட்ட அடைப்பு நோயிலோ, சுருக்கம் முற்றும் நீங்குவதில்லை. இவற்றைப் பிரித்தறிய, கருவியில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையே முதன்மையானது. அதற்குத் துணை நிற்பவை இரத்தத்தின் வெள்ளை அணுக்கள். 1879-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், இயோசின் என்னும் சாயத்தை ஏற்றுச் சிவக்கும் அணுவை விளக்கினார். அதுவே இயோசினோபில். ஆஸ்துமாக்காரர் பலரிடம் இது மிகும். அடைப்பு நோயிலோ பெரும்பாலும் நியூட்ரோபில் என்னும் வேறோர் அணு மிகும்.

அணுக்களை எண்ணுவதன் அருமையை இவ்வட்டாரமே முன்னர்க் காட்டிற்று. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பிரிமோட்-மோலர், பார்ட்டன் என்னும் இருவர், 1940-இல் ஒரு நோயை விவரித்தனர். காண்பதற்குக் காசநோய் போன்றது. ஆனால் இரத்தத்தில் இயோசினோபில் மிகுந்திருந்தது. யானைக்கால் நோய்க்குரிய நுண்புழுக்களை உடல் மிகையாக எதிர்ப்பதால் அது விளைகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் வீடுகளில் 'ஈசினோபீலியா' என்று வழங்கும் பெயரின் பின்னணி இது. காசநோய் என்று அஞ்சியவர்க்கு, அணுக்களின் கணக்கே வேறு வழி காட்டியது.

இன்றும் அக்கணக்கு சிகிச்சையை மாற்றவல்லது. அடைப்பு நோய் அடிக்கடி முற்றுவோருக்கு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இயோசினோபில் 300 அல்லது அதற்கு மேல் இருப்பின், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து பயன் தருவது பெரிதும் உறுதி. 100-க்குக் குறைந்தால் பயன் அரிது. நிமோனியா வரும் இடரோ உண்டு.

எனினும் எண் ஒன்றே தீர்ப்பாகாது. குடற்புழுவாலும் ஒவ்வாமையாலும் அது ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையால் இறங்கும்.

ஆகவே, ஊருக்குப் பணம் அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடாது. 'ஊதும் சோதனை செய்தார்களா? இரத்தம் எடுத்தபோது என்ன மருந்து உட்கொண்டிருந்தீர்கள்?' என்று கேட்போம். பழைய அறிக்கைகளைப் பத்திரப்படுத்தச் சொல்வோம். நோயின் பெயர் சரியாக விளங்கினால், அன்னையின் மூச்சுக்குப் பாதி வழி திறந்ததாகும்.